மக்கள்தொகை 0, ஆனால் மேயர் உண்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்கள் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு குட்டி ஊரைப் பத்திப் பேசப் போறோம். பேரு ஃப்ளரி-தெவான்-துவோமோன். வடகிழக்கு பிரான்ஸ்ல, வெர்டன் நகரத்துல இருந்து சில கிலோமீட்டர் தூரம். 'தெவான்' என்றால் 'முன்னால்'. துவோமோனுக்கு முன்னால் இருக்கிற ஃப்ளரி, அவ்ளோதான் அந்த நீளமான பேருக்கு அர்த்தம். இனிமே சுருக்கமா ஃப்ளரின்னே சொல்றேன்.

அந்த ஊர்ல ஒருத்தர்கூட வசிக்கலை. வீடு கிடையாது, கடை கிடையாது, தெருவே கிடையாது. ஆனா அரசாங்கப் பதிவேட்டுல அது இன்னும் ஒரு ஊர். அதுக்கு ஒரு மேயர் இருக்கார்.

டேட்டாவோட வேலை பாக்கிறவங்களுக்கு இந்த ஊர் வேற ஒரு வழியில அறிமுகமாகும். பிரான்ஸின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இன்சே என்று பெயர். ஒவ்வொரு கொம்யூனிலும் எத்தனை பேர் வசிக்கிறாங்கன்னு ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுவாங்க. கிட்டத்தட்ட 35,000 வரிகள். அதை மக்கள்தொகைப்படி ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்க. மேலே ஆறு வரிகளில் 0 என்று இருக்கும். போமோன், பெஸோன்வோ, க்யூமியேர், ஃப்ளரி, ஓமோன், லூவ்மோன். ஆறும் ஒரே மாவட்டம்: மியூஸ், எண் 55. வளர்ச்சி விகிதம் கணக்குப் போடுற எந்த ப்ரோக்ராமும் இந்த ஆறு வரியில வந்து முட்டிக்கும், ஏன்னா பழைய மக்கள்தொகையால வகுக்கணும், பழசும் பூஜ்யம்தான்.

பொதுவா இப்படி ஒரு டேட்டாவைப் பாத்தா முதல்ல வர்ற யோசனை, 'இந்த வரிகளைத் தூக்கிடலாமே' என்பதுதான். பிரான்ஸ் ஏன் நூறு வருஷமா தூக்கலை? இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான்.

முதல்ல கொம்யூன்னா என்னன்னு பாத்துடலாம். பிரான்ஸின் நிர்வாகத்தில் ஆகக் கடைசி அலகு அது. 1789 டிசம்பரில், புரட்சி நடந்த அதே வருடம், பழைய சர்ச் வட்டாரங்களையும் நகரங்களையும் எல்லாம் ஒரே மாதிரியான அமைப்பாக மாற்றினார்கள். பாரிஸும் கொம்யூன்தான், நாற்பது பேர் இருக்கிற மலைக்கிராமமும் கொம்யூன்தான். சட்டப்படி ரெண்டுக்கும் மேயர், ரெண்டுக்கும் சபை. இன்னைக்கும் பாதிக்கு மேற்பட்ட கொம்யூன்களில் 500 பேர்கூட கிடையாது. புதுச்சேரி, காரைக்கால் பக்கம் இருந்து கேக்கிறவங்களுக்கு இந்த வார்த்தை புதுசா இருக்காது. பாகூர், வில்லியனூர், திருநள்ளாறு எல்லாம் இன்னைக்கும் 'கொம்யூன் பஞ்சாயத்து'தான். அதே பிரெஞ்சு ஏற்பாட்டோட மிச்சம்.

ஒரு கொம்யூன் என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு 'நபர்' மாதிரி. நிலம் வச்சுக்கலாம், பட்ஜெட் போடலாம், பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்யும். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப ஃப்ளரிக்கு வருவோம். 1911 கணக்கெடுப்பில் அங்கே 422 பேர். விவசாயம், பக்கத்துக் காட்டில் மரவேலை. தேவாலயம், பள்ளிக்கூடம், பேக்கரி, கஃபே, ஒரு சின்ன ரயில் நிலையம். சொல்லிக்கிற மாதிரி பெரிய சிறப்பு எதுவும் இல்லாத ஊர். அந்தக் குன்றுகள்ல இப்படி நிறைய இருந்தது. பெஸோன்வோவில் 149 பேர், ஓமோனில் 131 பேர். கொஞ்சம் பெரியது ஓர்ன், 718 பேர்.

1916 பிப்ரவரி 21. ஜெர்மன் படை வெர்டனைத் தாக்க ஆரம்பித்தது. முதல் நாளில் மட்டும் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் வரை சுட்டதாகப் பல வரலாற்று நூல்களில் பார்க்கலாம். கிராமங்களில் இருந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கையில் எடுக்க முடிஞ்சதை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை விட்டுட்டுக் கிளம்பினாங்க. சில நாள்ல திரும்பிடலாம்னுதான் பலரும் நினைச்சிருப்பாங்க.

சண்டை டிசம்பர் 18 வரை நடந்தது. 300 நாள். ரெண்டு தரப்பிலும் சேர்த்து சுமார் 3 லட்சம் வீரர்கள் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஜெர்மன் படை ஜூன் 23-ல் ஃப்ளரிக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 18-ல் பிரெஞ்சுப் படை அதைக் கடைசியாக மீட்டது. இடைப்பட்ட எட்டு வாரத்துல அந்த ஊர் 16 முறை கை மாறியதாகச் சொல்கிறார்கள். 'ஊர்' என்று சொல்றது பழக்கதோஷம். ஆகஸ்ட்ல அங்க மீக்கறதுக்கு எதுவுமே மிச்சமில்லை. சுவர் இல்ல, மரம் இல்ல. வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பாத்தா, குழிமேல குழி விழுந்த சேறு மட்டும்தான். தெரு எங்க இருந்ததுன்னுகூடக் கண்டுபிடிக்க முடியாது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். மக்கள்தொகை 0-ன்னு பாத்ததும், அந்த 422 பேரும் செத்துட்டாங்கன்னு நம்ம மனசு எடுத்துக்கும். அது இல்ல. ஊர் காலி செய்யப்பட்டதால அங்க இருந்த குடும்பங்கள் வேற ஊர்களுக்குப் போய்ப் பிழைச்சாங்க. செத்தது ஊர். இதுக்கு நேர் எதிரான உதாரணமும் பிரான்ஸ்லயே இருக்கு: ஒரதூர்-சூர்-க்ளான். 1944 ஜூன் 10-ல் நாஜிப் படை அங்கே 640-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மக்கள் செத்தார்கள், ஆனால் இடிந்த ஊரை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவிட்டுப் பக்கத்திலேயே புது ஊர் கட்டினார்கள். இன்னைக்கு அது ஆயிரக்கணக்கில் மக்கள் வாழ்ற கொம்யூன்.

அப்ப ஃப்ளரியை ஏன் திரும்பக் கட்டலை? தப்பிச்சவங்க இருக்காங்க. இழப்பீடு கேக்கிற உரிமையை 1919 ஏப்ரலில் ஒரு சட்டமே கொடுத்தது. திரும்பி வர ஆசைப்பட்டவங்களும் இருந்தாங்க. ஆனா நிலம் தயாரா இல்ல.

போர் முடிஞ்சதும் அரசாங்கம் போர்முனைப் பகுதி முழுக்க மூணு நிறமாப் பிரிச்சது. பச்சை: லேசான சேதம். மஞ்சள்: சரி பண்ணிடலாம். சிவப்பு: சரி பண்ற செலவு நிலத்தோட மதிப்பைவிட அதிகம். 'சிவப்பு மண்டலம்' என்கிற பேர் பின்னாடி பயங்கரமா ஒலிக்க ஆரம்பிச்சாலும், ஆரம்பத்துல அது ஒரு கணக்குப்பிள்ளை வேலைதான். வரவு, செலவு, கட்டுப்படியாகாது, முடிஞ்சது.

ஏன் அவ்ளோ செலவு? வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள்ள ஆழத்துல கிடந்தது. கூடவே விஷவாயுக் குண்டுகள், முள்கம்பி, எடுக்கப்படாத உடல்கள். வெர்டனுக்கு வடகிழக்கே ஸ்பான்கூர் காட்டுல ஒரு இடம் இருக்கு. 1928 வாக்கில் சுமார் 2 லட்சம் ரசாயனக் குண்டுகளை அங்கே கொண்டுபோய் எரிச்சு அழிச்சாங்க. 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்த மண்ணின் சில மாதிரிகளில், எடைக்கணக்கில் 17 சதவீதம் வரை ஆர்சனிக் இருந்தது. மண்ணுல ஆர்சனிக் கலந்திருக்குன்னு சொல்றதா, ஆர்சனிக்ல மண் கலந்திருக்குன்னு சொல்றதான்னே தெரியலை! ஃப்ளரி அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனா ஏர் ஓட்டற விவசாயியை அந்த மண்ணுக்கு அனுப்ப யாரும் துணியலை.

அதனால அரசாங்கமே நிலத்தை வாங்கி வனத்துறைக்குக் கொடுத்தது. அவங்க மரம் நட்டாங்க, கோடிக்கணக்குல. பெரும்பாலும் பைன் வகைகள், கெட்டுப்போன மண்ணுலயும் பிடிச்சு வளரும்னு. இன்னைக்கு அந்த இடம் சுமார் 10,000 ஹெக்டேர் அரசுக் காடு. மேல இருந்து பாத்தா அழகான பச்சை. உள்ளே நடந்தா தரை முழுக்க மேடும் பள்ளமும், பாசி பிடிச்ச குண்டுக்குழிகள்.

இப்படி மொத்தம் ஒன்பது கிராமங்கள். இந்த ஒன்பதுக்கும் பிரெஞ்சு அரசு ஒரு பட்டம் கொடுத்தது: 'பிரான்ஸுக்காக உயிர்நீத்தது'. சாதாரணமா போர்ல இறந்த சிப்பாய்களோட பதிவுல எழுதற வாசகம் அது. ஒரு ஊருக்கு எழுதினாங்க. இதை வெறும் உணர்ச்சிவசப்பட்ட அலங்காரமா நான் பாக்கலை. சட்டப்படி கொம்யூன் ஒரு நபர்னு ஆரம்பத்துல சொன்னேன் இல்லையா? ஒரு நபருக்குத்தானே மரணம் வரும்.

ஆனா செத்த சிப்பாயோட பேரை வாக்காளர் பட்டியல்ல வச்சிருக்க மாட்டாங்க. செத்த ஊரோட பேரை மட்டும் பட்டியல்ல வச்சிருந்தாங்க. இங்கதான் சட்டச் சிக்கல். மேயரை மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்கறதில்லை. மக்கள் சபையைத் தேர்ந்தெடுப்பாங்க, சபை மேயரைத் தேர்ந்தெடுக்கும். மக்களே இல்லாட்டி சபை ஏது, மேயர் ஏது? 1919-லேயே இதுக்கு ஒரு சட்டம் வந்தது. தேர்தல் நடத்த முடியாத அழிந்த ஊர்களுக்கு, மாவட்ட அரசுப் பிரதிநிதி மூணு பேர் கொண்ட ஒரு குழுவை நியமிப்பார். அந்தக் குழுவின் தலைவருக்கு மேயருக்கு உள்ள அதிகாரம். அந்த ஏற்பாடு இன்னைக்கும் நடக்குது. நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தல் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை அன்னிக்கு, இந்த ஆறு ஊர்ல மட்டும் ஓட்டுப்பெட்டி கிடையாது.

அந்த மேயர் என்னதான் பண்ணுவார்? குடிதண்ணீர்ப் புகார் வராது. பள்ளிக்கூட பஸ் பிரச்சினை இல்ல. ஊர் இருந்த இடத்துல நினைவுச்சின்னம், சின்ன தேவாலயம், பாதைகள் இருக்கு, அதைப் பராமரிக்கணும். ஆண்டுதோறும் பழைய குடும்பங்களின் வாரிசுகள் கூடுவாங்க, அதை நடத்தணும். ஃப்ளரியில் குழிகளுக்கு நடுவே பாதை போட்டு, இங்கே பேக்கரி, இங்கே பள்ளிக்கூடம், இங்கே கொல்லர் பட்டறை என்று குறித்து வச்சிருக்காங்க. பழைய ரயில் நிலையம் இருந்த இடத்துலதான் 1967-ல் திறந்த வெர்டன் நினைவு அருங்காட்சியகம் நிக்குது. 2013-ல் ஃப்ளரியின் மண்ணுக்கடியில் 26 பிரெஞ்சு வீரர்களோட எலும்புகள் கிடைச்சது. நூறு வருஷம் ஆகப்போற நேரத்துல, அதுல சிலருக்குப் பேரும் கண்டுபிடிச்சாங்க.

இப்ப டேட்டா பக்கம் வரேன், ஏன்னா எனக்கு இதுலதான் ரொம்ப ஆர்வம். டேட்டாபேஸ் வேலை செய்யறவங்களுக்கு 'நல்'லும் 'ஜீரோ'வும் வேற வேறன்னு தெரியும். நல் என்றால் தகவல் இல்லை. ஜீரோ என்றால் எண்ணிப் பாத்தாச்சு, யாரும் இல்லை. இன்சே இந்த ஆறு ஊருக்கும் போடறது ஜீரோ. காலி இடமோ கோடோ கிடையாது. பதிவேட்டுல இருக்கிற ஊர், ஆள் எண்ணிக்கை பூஜ்யம்னு அந்த வரி சொல்லுது.

ஃப்ளரியோட அடையாள எண் 55189. இந்த ஐந்து இலக்கம் ஏன் முக்கியம்? பிரான்ஸில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சமூகப் பாதுகாப்பு எண் உண்டு, நம்ம ஆதார் மாதிரி. ஆனா ஆதார் எண்ணைப் பாத்து ஆளைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. பிரெஞ்சு எண் அப்படி இல்ல. முதல் இலக்கம் ஆணா பெண்ணா, அடுத்து பிறந்த வருடம், மாதம், அதுக்கப்புறம் ஐந்து இலக்கத்துல பிறந்த மாவட்டமும் கொம்யூனும். இந்த எண் 1940-களில் வந்த ஏற்பாடு. அப்ப யோசிச்சுப் பாருங்க. 1910-ல் ஃப்ளரியில் பிறந்து, ஆறு வயசுல அகதியா வெளியேறி, வேற எங்கயோ வளர்ந்து வேலைக்குப் போன ஒருத்தருக்கு, முப்பது வருஷம் கழிச்சு அரசாங்கம் கொடுத்த எண்ணோட நடுவுல 55189 இருக்கும். அந்த ஊர்ல ஒரு செங்கல்கூட இல்ல. சம்பளச் சீட்டுல, மருத்துவக் காப்பீட்டு அட்டையில அது இருக்கு. கேஸ்கேட் டிலீட் பண்ணாம விட்டதுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியலை.

'சரி, வரியை நீக்க வேண்டாம், பக்கத்து ஊரோட மெர்ஜ் பண்ணலாமே' என்று கேக்கலாம். அதையும் பிரான்ஸ் செஞ்சு பாத்திருக்கு, வேற இடத்துல. மார்ன் மாவட்டத்திலும் முதல் உலகப்போரில் சில கிராமங்கள் முழுசா அழிஞ்சது. அந்த நிலம் ராணுவப் பயிற்சி முகாமுக்குள் போயிடுச்சு. 1950-ல் அவற்றைப் பக்கத்துக் கொம்யூன்களோட இணைச்சாங்க. தாயூர் என்ற ஊர் சோம்பி ஊரோட சேந்து 'சோம்பி-தாயூர்' ஆச்சு. பெர்த்-லே-யுர்லூஸ் என்ற ஊர் 'சுவான்-பெர்த்-லே-யுர்லூஸ்' ஆச்சு. ஊர் போய், பேருக்குப் பின்னாடி ஒட்டின இன்னொரு பேரா மிச்சமிருக்கு. அதே போர், அதே மாதிரி அழிவு. இவங்களுக்குக் கிடைச்சது ஒரு சின்னக் கோடு, ஃப்ளரிக்குக் கிடைச்சது ஒரு மேயர். வெர்டன் என்ற பேருக்கு பிரான்ஸோட மனசுல இருக்கிற இடம்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. நியாயமா என்றால், இல்லை.

அடுத்து வர்றது இன்னும் விசித்திரம். ஒன்பது ஊர்ல ஆறுதான் பூஜ்யம்னு கவனிச்சிருப்பீங்க. மிச்சம் மூணு: துவோமோன், வோ, ஓர்ன். இந்த மூணு ஊர்லயும் ஓரளவு வீடுகளைத் திரும்பக் கட்டினாங்க, கொஞ்சம் பேர் திரும்ப வந்து வாழ்ந்தாங்க. அதனால இவங்களுக்கு மத்த கொம்யூன்களைப் போலவே தேர்தல், சபை எல்லாம் உண்டு. அதாவது பிழைச்ச ஊர்கள்.

ஆனா பிழைச்ச ஊருக்கு மத்த ஊர்களோட எல்லாக் கஷ்டமும் வரும். மியூஸ் மாவட்டம் 1851-ல் சுமார் 3.28 லட்சம் பேர் வாழ்ந்த இடம். இன்னைக்கு 1.8 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கு. போர் மட்டும் காரணமில்லை. அதுக்கு ரொம்ப முன்னாடியே இளைஞர்கள் தொழிற்சாலை நகரங்களுக்கும் பாரிஸுக்கும் கிளம்ப ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம கிராமங்கள்லயும் பாக்கிற அதே கதை. அதோட, சின்னச் சின்னக் கொம்யூன்களை ஒண்ணாச் சேருங்கன்னு 2010-களில் இருந்து அரசாங்கம் ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்துத் தள்ளிக்கிட்டு இருக்கு. துவோமோனில் விரல்விட்டு எண்ணற அளவு மக்கள். வோவையும் சேத்தாக்கூட நூறு பேர் தேற மாட்டாங்க. 2019 ஜனவரி 1-ல் ரெண்டும் இணைஞ்சு 'துவோமோன்-வோ' என்ற ஒரே கொம்யூன் ஆச்சு.

இதைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. ஆளே இல்லாத ஃப்ளரி இன்னைக்கும் தனிக் கொம்யூன். எந்த ஊருக்கு 'முன்னால்' இருக்கிறதா ஃப்ளரியோட பேர் சொல்லுதோ, உலகம் முழுக்கத் தெரிஞ்ச கோட்டையும் எலும்புக்கூடமும் எந்தப் பேரால அழைக்கப்படுதோ, அந்தத் துவோமோன் தனிக் கொம்யூனா இல்லை. ஃப்ளரியை இணைக்கச் சொல்லி யாரும் கேக்க மாட்டாங்க. செலவு குறைக்க அங்க பள்ளிக்கூடம் இல்ல, ஊழியர் இல்ல. செத்த ஊர் பத்திரமா இருக்கு. உயிரோட இருந்த ஊர்தான் கணக்குல அடிபட்டது.

ஃப்ளரியில போரே நடக்கலைன்னு வச்சுக்குவோமே. மியூஸ் கிராமங்களோட போக்கைப் பாத்தா, அந்த 422 பேர் இன்னைக்கு எண்பதோ நூறோ ஆயிருப்பாங்கன்னு யூகிக்கலாம். பள்ளிக்கூடத்தை எப்பவோ மூடியிருப்பாங்க. பேக்கரிக்காரர் ஓய்வு பெற்றதும் அடுத்த ஆள் வந்திருக்க மாட்டார். சேர்க்கலாமா வேணாமான்னு சபையில ஓட்டெடுப்பு நடந்திருக்கும். அந்த ஊர் பேரை நானும் நீங்களும் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

மிச்சம் ஒண்ணு, ஓர்ன். 1911-ல் 718 பேர் இருந்தாங்கன்னு சொன்னேனே, ஒன்பதுலயும் பெரிய ஊர். இன்னைக்கு அங்க பத்துப் பேர்கூட இல்லை. இடிஞ்ச தேவாலயத்தோட சுவர்கள் மட்டும் நிக்குது. அங்க நியமனக் குழு கிடையாது, தேர்தல்தான். இவ்ளோ கம்மி ஆட்கள்ல எப்படி சபை அமையும்னு கேட்டா, பிரெஞ்சுச் சட்டத்துல ஒரு வழி இருக்கு. ஊர்ல குடியிருக்கணும்னு இல்ல, அங்க வீடோ நிலமோ வச்சு உள்ளூர் வரி கட்டினாக்கூட ஓட்டுப் போடலாம், நிக்கலாம். தென்கிழக்குல ரோஷ்ஃபூர்ஷா என்று ஒரு கொம்யூன், அதிகாரப்பூர்வ மக்கள்தொகை ஒண்ணே ஒண்ணு. அங்கயும் சபை ஓடறது இந்த வழியிலதான். ஓர்னும் இப்போதைக்கு அப்படித்தான் தாக்குப்பிடிக்குது. நாளைக்கு அங்க இருக்கிற கடைசி வீடும் பூட்டப்பட்டா, அது ஃப்ளரி மாதிரி ஏழாவது பூஜ்யம் ஆகுமா, துவோமோன் மாதிரி இன்னொரு பேரோட ஒட்டிக்குமா? குண்டு விழுந்து காலியான ஊருக்கு 1919-ல் சட்டம் எழுதினாங்க. ஒவ்வொருத்தரா கிளம்பிக் காலியாகிற ஊருக்கு அந்த மாதிரிப் பட்டம் எதுவும் எழுதி வைக்கலை.

அடுத்த வருஷக் கடைசியில் இன்சே புதுப் பட்டியல் போடும்போது ஓர்ன் வரியைத்தான் முதல்ல பாக்கப் போறேன். நீங்களும் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.